வயது அறிந்த வரலாறு

நான் என் வாழ்க்கையில் எழுதிய முதல் தேர்வுக்குத் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காத்திவாக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னே என் தந்தையார் என்னை நிறுத்தினார். கை எட்டிற்று. தலைமையாசிரியர் புன்முறுவல் பூத்து, "ஐந்து நிரம்பிவிட்டது" என்று சொல்லி, பதிவேட்டில் 1959-ஆம் ஆண்டு ஜூன் 10 என்று என் பிறந்த நாளை எழுதிக் கொண்டார்.

உண்மையில் நான் பிறந்தது விகாரி வருஷத்துத் தை மாதம். ஆங்கிலக் கணக்கில் 1960-ஆம் ஆண்டின் தொடக்கம். அன்று எனக்கு நான்கரை வயதுதான் ஆகியிருந்தது. ஆனால் நான் வயதுக்கு மீறி நெடிதாக வளர்ந்த பிள்ளை. வீட்டில் நாள்தோறும் பாலும் முட்டையும் கிடைத்தன. என் கை என் வயதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியைச் சொல்லிற்று. அந்தத் தேதியே என் பிறந்த தேதியாக நிலைபெற்று, அதன்படியே 58 வயது நிரம்பி, 2018-இல் கல்வியாண்டின் முடிவில் நான் தலைமையாசிரியர் பதவியினின்றும் ஓய்வு பெற்றேன்.

ஒரு மனிதனின் வயதை அறிவது எளிய காரியம் என்று நாம் எண்ணுகிறோம். பிறந்த தேதியைக் கழித்துப் பார்த்தால் போதுமே என்கிறோம். ஆனால் அந்தத் தேதி எழுதப்படாத காலத்தில் மக்கள் வயதை எவ்வாறு அறிந்தார்கள்? எழுதப்பட்ட தேதிக்கும் உடலின் முதுமைக்கும் வேறுபாடு உண்டா? இன்று ஒரு துளிக் குருதியிலுள்ள டி.என்.ஏ.யைக் கொண்டு உடலின் வயதைக் கணிக்கிறார்களே, அது எப்படி? இவற்றின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊர்ப் பழக்கத்தைப் பார்ப்போம். என் பாட்டியாருக்குத் தம் பிறந்த தேதி தெரியாது. "எம்டன் குண்டு போட்டபோது நான் தத்தித் தத்தி நடந்தேனாம்" என்பார். எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு. ஆகவே பாட்டியார் 1913-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று கணக்கிட்டுவிடலாம். என் தாயாரோ, 1943-இல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டபோது தாம் பாவாடை கட்டிய சிறுமி என்பார். இவ்வாறு எங்கள் கடற்கரையில் பிறந்தவர்களுக்குப் போரும் புயலும் பஞ்சமுமே பஞ்சாங்கமாக இருந்தன. படிப்பில்லாதவர் சொல் என்று இதை இகழலாகாது. ஊரறிந்த நிகழ்ச்சியோடு உடலின் வளர்ச்சிப் படி ஒன்றைப் பொருத்திக் கூறும் இந்த முறை, சரியாகக் கேட்டு எழுதிக் கொண்டால், நல்ல சான்றே ஆகும். இக்காலத்திலும் மக்கள் கணக்கெடுப்போர் இம்முறையைக் கையாளுகின்றனர்.

எங்கள் ஊரில் வேறொரு விந்தையும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாற்றின் படுகையில், மேற்கே உள்நாட்டில், அதிரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலநூல் அறிஞர் அங்கே பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். பிற்காலத்தில் சாந்தி பப்பு அவர்களும் துணைவர்களும் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தனர். விண்கதிர்கள் கல்லில் உண்டாக்கும் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு, அக்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர். ஆற்றங்கரைக் கல்லுக்கு வயது சொல்லியாயிற்று. அதே ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்த என் தாயாருக்குப் பிறந்த தேதி இன்னதென்று சொல்ல ஒருவரும் இல்லை.

அரசாங்கத்துக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1871-இல் சென்னை மாகாணத்தில் மக்கள் கணக்கு எடுக்கப்பட்டபோது அதன் அறிக்கையை எழுதியவர் மருத்துவர் கார்னிஷ். வயதைக் கேட்டால் மக்கள் 20, 25, 30, 40 என்று முழு எண்ணாகவே சொல்வர். 29 வயதுக்காரரும் 31 வயதுக்காரரும் அருமை. 30 வயதுக்காரரோ ஏராளம். பிந்திய கணக்கெடுப்புகளில் ஜி. எஃப். ஹார்டி என்ற காப்பீட்டுக் கணித வல்லுநர் இந்தக் குவியல்களைக் கணிதத்தால் சமன் செய்து ஆயுள் அட்டவணைகளை அமைக்க வேண்டியதாயிற்று.

கார்னிஷின் பெயர் வேறொரு காரணத்தாலும் நினைக்கத் தக்கது. தாது வருஷப் பஞ்சம் என்று முன்னோர் சொன்ன 1876–78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அவ்வளவு உணவை உண்டு உழைப்பவன் உடல் நலியும் என்று எடுத்துக் காட்டி எதிர்த்தவர் சுகாதார அதிகாரியாயிருந்த இந்தக் கார்னிஷ்தான். எங்கள் ஊரை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைப்பது, அப்பஞ்சத்தின்போதுதான் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசி மனிதனின் உடலில் எழுதிச் செல்லும் கணக்கைப் பின்னால் மீண்டும் காண்போம். ஆகவே இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பிறப்பைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1899-இல் வந்தது; நாடு முழுமைக்குமான சட்டம் 1969-இல் வந்தது. சட்டம் வந்தும் பதிவு எல்லாக் குடிசைகளையும் எட்டவில்லை. எனவே நீதிமன்றங்கள் மருத்துவரை நாடின. குழந்தையின் எலும்பு முனைகள் முதலில் குருத்தாக இருந்து, வளர வளர இறுகித் தண்டோடு ஒன்றுபடுகின்றன. 1895-இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னர் இம்மாற்றத்தை உடலைக் கீறாமலே பார்க்க முடிந்தது. ஐரோப்பியக் குழந்தைகளுக்கு வகுத்த அட்டவணை நம் குழந்தைகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வி உடனே எழுந்தது. தென்னிந்தியரின் எலும்புகளை ஆராய்ந்து பிள்ளை என்ற மருத்துவர் 1936-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கால்ஸ்டன் என்பவர் வங்காளத்தவரைப் பற்றி எழுதினார். எனினும் எலும்பும் தேதியைச் சொல்வதில்லை. இத்தகைய சோதனையில் இருபுறமும் இரண்டாண்டு பிழைக்கு இடமுண்டு என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1982-இல் ஜெயமாலா வழக்கில் ஏற்றுக் கொண்டது. பதினாறா பதினெட்டா என்ற வினாவில் ஒருவருடைய விடுதலையே தொங்கும்போது இரண்டாண்டு என்பது சிறு பிழையன்று.

இனி டி.என்.ஏ.க்கு வருவோம். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதன் முறுக்கேணி வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டனர். நான்கு எழுத்துகளால் ஆன ஒரு பெரிய நூலாக அதனை எண்ணிக் கொள்ளுங்கள். அந்நூலின் எழுத்துகள் பிறவி முதல் இறுதி வரை பெரும்பாலும் மாறுவதில்லை. அப்படியாயின் மாறாத நூலைக் கொண்டு மாறும் வயதை எவ்வாறு அறிவது?

விடை எழுத்தில் இல்லை. எழுத்தின்மேல் இடப்படும் புள்ளியில் இருக்கிறது. நம் தமிழில் மெய்யெழுத்துக்குமேல் புள்ளி இட்டால் ஓசை அடங்குகிறதன்றோ? அதுபோலச் சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் மெதில் என்னும் சிறு வேதிக் குழு ஒன்று ஒட்டிக் கொள்கிறது. பல இடங்களில் அப்புள்ளி விழுந்தால் அங்குள்ள மரபணு அடங்கிவிடும். தோலும் நரம்பும் ஈரலும் ஒரே நூலை வைத்துக் கொண்டு வெவ்வேறு தொழில் செய்வதற்கு இப்புள்ளிகளும் ஒரு காரணம். மனித டி.என்.ஏ.யில் இத்தகைய புள்ளி விழக்கூடிய இடங்கள் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். 1948-இல் ராலின் ஹாட்ச்கிஸ் என்ற அறிஞர் கன்றின் டி.என்.ஏ.யில் புள்ளியிட்ட இச்சைட்டோசினைக் கண்டார்.

வயதோடு இப்புள்ளிகள் மாறுகின்றன என்பதை முதலில் காட்டியது ஒரு மீன் என்றால், மீனவர் வாழும் எங்கள் கரையிலுள்ளோர் மகிழ்வர். 1967-இல் சோவியத் நாட்டில் பெர்திஷேவ் என்பவரும் துணைவர்களும் முட்டையிடுவதற்காக ஆறேறி வரும் சால்மன் மீன்களை ஆராய்ந்தனர். முட்டையிட்டதும் விரைந்து மூப்படைந்து மடியும் அம்மீனின் டி.என்.ஏ.யில் மெதிலின் அளவு குறைந்து வருவதை அவர்கள் கண்டனர். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எம். எஸ். கனுங்கோ அவர்கள் மூப்பின் வேதியியலைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டு 1980-இல் அதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

புள்ளியைக் காண்பது எவ்வாறு? பைசல்ஃபைட் என்ற உப்பினால் டி.என்.ஏ.யைப் பக்குவப்படுத்தினால், புள்ளியில்லாத சைட்டோசின் வேறெழுத்தாக மாறிவிடும். புள்ளியுள்ளது மாறாமல் நிற்கும். மாறியவற்றையும் மாறாதவற்றையும் பிரித்துப் படிக்கும் இம்முறையை 1992-இல் ஆஸ்திரேலியாவில் மரியான் ஃப்ரோமர் குழுவினர் செம்மை செய்தனர். பின்னர் நகம் அளவுள்ள சில்லில் பல்லாயிரம் இடங்களை ஒரே வேளையில் படிக்கும் கருவிகள் வந்தன. 2005-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள் ஒரே கருவில் பிறந்த இரட்டையரை ஒப்பிட்டனர். மூன்று வயது இரட்டையரிடம் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. ஐம்பது வயது இரட்டையரிடமோ பெரிதும் வேறுபட்டிருந்தன. எழுத்து ஒன்றே, வாழ்க்கை வெவ்வேறு புள்ளிகளை இட்டுவிட்டது.

2011-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உமிழ்நீரைக் கொண்டு ஏறத்தாழ ஐந்தாண்டுப் பிழையில் ஒருவர் வயதைக் கணித்தனர். 2013-இல் இரண்டு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன. கிரெகரி ஹானம் முதலியோர் 19 முதல் 101 வயது வரையிலான 656 பேரின் குருதியைப் படித்து, 71 இடங்களைக் கொண்டு வயதைக் கூறினர். ஸ்டீவ் ஹார்வாத் என்ற கணிதப் புள்ளியியலார், உலகின் பல ஆய்வகங்கள் திரட்டி வைத்திருந்த ஏறத்தாழ 8,000 மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். குருதி, மூளை, ஈரல், தோல் என்று 51 வகைத் திசுக்களுக்கும் உயிரணுக்களுக்கும் பொருந்துமாறு 353 இடங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றுள் 193 இடங்களில் வயது ஏற ஏறப் புள்ளி மிகுகிறது; 160 இடங்களில் குறைகிறது. அவர் கணக்கின் இடைநிலைப் பிழை 3.6 ஆண்டுகள்.

இது எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியன் முறையில் சொல்கிறேன். 353 பாடங்கள் உள்ள ஒரு மதிப்பெண் பட்டியல். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பங்கு உயிரணுக்களில் புள்ளி இருக்கிறது என்பதே அப்பாடத்தின் மதிப்பெண். சில பாடங்களுக்கு அதிக எடை. சிலவற்றுக்குக் குறைந்த எடை. சிலவற்றைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் எடையால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையே வயது. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்பதை வயது தெரிந்த ஆயிரக்கணக்கானோரின் பட்டியலைப் பார்த்துக் கணிப்பொறி கற்றுக் கொள்கிறது. ஆகவே இந்தப் புதுமையான முறையின் அடியிலும் யாரோ ஓர் எழுத்தர் உண்மையாக எழுதி வைத்த பிறந்த தேதிகளே கிடக்கின்றன என்பதை மறக்கலாகாது. தேதி பொய்யானால் கடிகாரமும் பொய்யாகும்.

அடுத்த படி இன்னும் சுவையானது. கடிகாரம் 60 என்று காட்டுகிறது. பிறப்புச் சான்றிதழ் 54 என்கிறது. இந்த ஆறாண்டு வெறும் பிழையா, அன்றி உடல் உண்மையிலேயே முந்தி மூத்துவிட்டதா? பிழையும் உண்டு, உண்மையும் உண்டு. அதைப் பிரித்தறிய, தேதியை விட்டுவிட்டு நோயையும் மரணத்தையும் நோக்கிக் கடிகாரங்களை அமைத்தனர். மார்கன் லெவைன் 2018-இலும், ஏக் லூ என்பவர் ஹார்வாத்தோடு சேர்ந்து 2019-இலும் இத்தகைய கணக்குகளை வெளியிட்டனர். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றளவும் இடைவிடாது பரிசோதித்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது, குருதி, இதயம், நுரையீரல் முதலியவற்றின் அளவுகளைக் கொண்டு பார்த்ததில், உடல் வயது சிலருக்கு 28 ஆகவும் ஒருசிலருக்கு 60-ஐ ஒட்டியும் இருந்தது. ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒரே வகுப்பில் படித்திருக்கக் கூடியவர்கள்! இக்குழுவிலிருந்தே, ஒருவர் ஓராண்டில் எத்தனை வேகமாக மூப்படைகிறார் என்று டி.என்.ஏ.யைக் கொண்டு கூறும் வேகமானி ஒன்று 2022-இல் வெளியாயிற்று.

இங்கேதான் பஞ்சத்தின் கணக்கு மீண்டும் வருகிறது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாய் வயிற்றிலிருந்தவர்களை அறுபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்ததில், வளர்ச்சிக்குரிய மரபணு ஒன்றின் புள்ளிகள் அவர்களிடம் வேறுபட்டிருந்தன என்று 2008-இல் கண்டனர். 2024-இல் வெளியான ஆய்வு, அவர்களிடம் மூப்பின் வேகமும் சற்று மிகுந்திருந்ததைக் காட்டிற்று. தாம் பிறக்குமுன்னரே கழிந்த பசியை உடல் அறுபது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தது. ஹாலந்துக்குப் போவானேன்? மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருந்தார்கள். அக்குழந்தைகள் பெரியவர்களானபின் தேடிக் கண்டுபிடித்து ஆராய்ந்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களிடம் இதய நோய் மிகுதியாயிருந்தது. 1996-இல் வெளியான இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. எந்தப் பயனும் கருதாமல் அறுபதாண்டுக்கு முன் ஒரு செவிலி எழுதிய எடை, பிறகு எத்தனை பெரிய உண்மையைத் தந்தது பாருங்கள்!

காற்றும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியிலுள்ள முதியவர்களின் குருதியை ஆராய்ந்து, அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் மிக்கிருந்த அளவுக்கு டி.என்.ஏ. வயதும் மிக்கிருந்தது என்று 2016-இல் எழுதினர். எங்கள் எண்ணூரில் 1970-இல் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 2017-இல் அது மூடப்பட்டது. அதற்கு வடக்கே வேறு மின்நிலையங்கள் எழுந்தன. நிலக்கரிச் சாம்பல் படிந்த மாடியைக் காலைதோறும் கூட்டி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். அவர்களின் இருமலுக்கு விடுமுறைக் கடிதத்தில் "உடல்நலமின்மை" என்ற ஒரே சொல்தான் உண்டு. வரும் காலத்தில் இந்தக் கடிகாரங்கள் அச்சொல்லுக்குள் என்ன இருந்தது என்பதை விரித்துக் காட்டக்கூடும்.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்து வருகிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராசன் அவர்களின் முயற்சியால் முதியோர் மருத்துவம் நாட்டில் முதன்முதலாகத் தனித்துறையாக வேரூன்றியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. 2017–18-இல் தொடங்கிய இந்திய முதுமை நெடுநாள் ஆய்வில் 45 வயதுக்கு மேற்பட்டோரும் அவர்தம் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டனர். அதன் கிளை ஆய்வில் ஏறத்தாழ 2,700 பேரின் டி.என்.ஏ. முழுமையாகப் படிக்கப்பட்டு, முடிவுகள் 2025-இல் வெளியாயின. முதற் கடிகாரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் குருதியைக் கொண்டு கற்றவை. எலும்புக்கு எழுந்த அதே கேள்வி புள்ளிக்கும் எழுகிறது. 1936-இல் பிள்ளை செய்த பணியை இன்று குருதியில் செய்ய வேண்டியிருக்கிறது. கேட்டுக் கொண்டிருக்கும் மாணவர்களுள் ஒருவர் அதைச் செய்யக் கூடாதா?

இப்போது என் மனத்தை நெடுநாள் அழுத்திய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1993-ஆம் ஆண்டு ஜூன் மாதம். நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியன். முதல் வகுப்புச் சேர்க்கை என் பொறுப்பு. மீன் விற்கும் தாய் ஒருத்தி தன் மகளை அழைத்து வந்தாள். பிறப்புச் சான்று இல்லை. "எம்.ஜி.ஆர். செத்த அன்னிக்கு இதுக்குக் கழுத்து நின்னுடிச்சி சார்" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. சிறுமியைக் கையை வளைக்கச் சொன்னேன். விரல் நுனி காதுக்கு மேலே முடியைத் தடவிற்றேயன்றிக் காதைத் தொடவில்லை. "அடுத்த வருஷம் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவாவது நான் கணக்குப் போட்டிருக்கலாம். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 24. குழந்தைக்குக் கழுத்து நிற்பது மூன்று நான்கு மாதத்தில். ஆகவே அவள் பிறந்தது அவ்வாண்டு ஆகஸ்டு செப்டம்பரில். என் முன் நின்றபோது ஐந்தே முக்கால் வயது. அத்தாய் எனக்குத் தந்தது குற்றமற்ற சான்று. குழந்தைக்குத் தலை முந்தி வளரும், கை பிந்தி வளரும். உணவு போதாத குழந்தைக்கு அது இன்னும் பிந்தும். நான்கரை வயதில் என்னை உள்ளே விட்ட அளவுகோல், ஐந்தே முக்கால் வயதில் அவளை வெளியே நிறுத்திற்று. வயதை அளப்பதாக எண்ணி நான் வறுமையை அளந்தேன். அளந்தபின் அந்த வறுமைக்காகவே அவளைத் தண்டித்தேன். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை.

2012-இல் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, இளந்தாய் ஒருத்தி தன் மகனைச் சேர்க்க வந்தாள். கையில் பிறப்புச் சான்றிதழை மடிக்காமல் ஓர் உறையில் வைத்திருந்தாள். "என்னத் தெரியலையா சார்? காது எட்டலன்னு அனுப்பினீங்களே" என்று சிரித்தாள். அச்சிரிப்பில் பகை இல்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது. படிவத்தில் அவள் கைநாட்டு வைத்தாள். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதற்குள் கூறிவிட்டது. அவளுக்கு அது பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்தது. அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

மாணவ நண்பர்களே, வயதை அளக்கும் எந்தக் கருவி உங்கள் கைக்கு வந்தாலும், அது கையாயினும் எலும்பாயினும் டி.என்.ஏ.யாயினும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது யாரை அளந்து செய்யப்பட்டது? இதன் பிழை எவ்வளவு? இதைக் கொண்டு யாருக்குக் கதவைத் திறக்கப் போகிறோம், யாருக்கு மூடப் போகிறோம்? உடல் மூத்துவிட்டது என்று காட்டும் கருவியைக் கொண்டு ஒருவருக்கு வேலையையோ காப்பீட்டையோ மறுப்பது எளிது. அவரை மூக்க வைத்த பசியையும் புகையையும் தேடிச் சென்று களைவது அரிது. அந்த அரிய காரியத்துக்குப் பயன்படுமானால்தான் இக்கடிகாரம் மனிதனுக்குத் துணை.

பிறந்த நாளின் கணக்கு வேறு. வாழ்ந்த வாழ்வின் கணக்கு வேறு. முன்னதை எழுத்தர் எழுதுகிறார். பின்னதை நாடும் வீடும் காற்றும் உணவும் சேர்ந்து எழுதுகின்றன. எழுத்தர் செய்த பிழையால் பதிவேட்டில் என் வயது ஏழு மாதம் கூடிற்று; அதில் எனக்கு வருத்தமில்லை. நான் செய்த பிழையால் ஒரு பெண் எழுத்தறியாமல் வளர்ந்தாள். நீங்கள் அளப்பவர்களாக ஆகும் காலத்தில், எதிரே நிற்பவர் சொல்வதை முதலில் கேளுங்கள். பிறகு அளவுகோலை எடுங்கள்.